வடக்கே போகப் போகப் பெரிதாகும் ஈ

வட இந்தியப் பழ ஈ தென்னிந்தியப் பழ ஈயைவிடப் பெரியது. இந்த வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியின் அடியில் வைத்து மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளந்தால்தான் பிடிபடும். தீபகற்பத்தின் தெற்கிலிருந்து தில்லியையும் தாண்டி இமயமலை அடிவாரம் வரை ஊர் ஊராக ஈ பிடித்து, எல்லாவற்றையும் ஒரே சூட்டில், ஒரே தீனியில் வளர்த்து அளந்தபோதும் அந்த ஏறுவரிசை கலையவில்லை. சூடும் தீனியும் ஒன்றாக இருந்தும் மிஞ்சி நிற்கிற வித்தியாசம் மரபணுவிலிருந்து வருவது. இந்த வேலையில் பெரும்பகுதி தில்லிக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள ரோத்தக் நகரத்தில், மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்தது. ஆனால் வட இந்தியாவில் இந்தப் பூச்சியைப் புட்டியில் வளர்க்கும் வழக்கம் அதைவிடப் பழையது.

முதலில் எந்த ஈ என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாம்பழ விவசாயி பழ ஈ என்று சொல்வது வேறு பூச்சி. அது காயைத் துளைத்து உள்ளே முட்டையிடும். பழத்தை வெட்டினால் புழு நெளியும். இங்கே பேசப்படுவது வாழைப்பழத் தோலை ஒரு நாள் சமையலறையில் விட்டுவைத்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் சின்ன ஈ. அறிவியலில் அதன் பேரினப் பெயர் ட்ரோசோஃபிலா. நல்ல பழத்தை அது பொதுவாகக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன பழத்தில் ஊறும் ஈஸ்ட்தான் அதற்கு உணவு, புளித்த வாடைதான் அழைப்பு. முழு வளர்ச்சி பெற்ற பெண் ஈ இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். ஆண் அதைவிடச் சின்னது. 25 டிகிரி செல்சியஸில் முட்டை ஈயாக ஏறத்தாழப் பத்து நாள் ஆகும்.

தில்லியில் இந்த ஈக்குப் பஞ்சமே இல்லை. புது தில்லியைக் கட்டியபோது அகன்ற சாலைகளின் ஓரம் நட்ட நாவல் மரங்கள், பருவமழை தொடங்கும் வேளையில் நடைபாதையை ஊதா நிறச் சேறாக்கிவிடும். பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்குப் பக்கத்தில் பழைய காய்கறிச் சந்தை இருந்தது. 1970களில் மொத்த வியாபாரம் ஆசாத்பூருக்குப் போய்விட்டாலும் சப்ஜி மண்டி என்ற ரயில் நிலையப் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஆசாத்பூர் மண்டியில் லாரியிலிருந்து இறக்கும்போது நசுங்கி ஓரமாகக் கொட்டப்படும் ஆரஞ்சும் பப்பாளியும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஆயுளுக்கும் போதுமான ஈ தரும்.

புட்டிக்குள் ஈ வளர்க்கும் தொழில் அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. 1910இல் நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கனின் பால் புட்டி ஒன்றில் வெள்ளைக் கண்ணுடன் ஓர் ஆண் ஈ தென்பட்டது. அதிலிருந்து குரோமோசோம் மரபியல் பிறந்தது. அவருடைய மாணவர் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிரால் ஈயின் மரபணுவை மாற்ற முடியும் என்று 1927இல் காட்டினார். 1930களின் கடைசியில் முல்லர் எடின்பரோவில் இருந்தபோது அவரிடம் வேலை கற்ற இந்தியர் எஸ்.பி. ராய் சௌத்ரி. மிகக் குறைந்த வீதத்தில், நீண்ட நேரம் கொடுக்கும் கதிர்வீச்சும் அதே அளவு திடீர் மாற்றங்களை உண்டாக்குகிறதா என்பது அவருடைய கேள்வி. நாடு திரும்பிக் கல்கத்தாவிலும் பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அவர் வேலை செய்தார். காசி இன்றும் இந்திய ஈ ஆராய்ச்சியின் முக்கியமான ஊர்களில் ஒன்று.

தில்லியில் ஈ நுழைந்தது உணவின் வழியாக. பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்தது. 1936இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டது, ஊர்ப் பெயரும் கூடவே வந்தது. அந்த நிறுவனத்தின் தாவரவியல் துறையில் கோதுமையையும் நெல்லையும் ஆராய்ந்துகொண்டிருந்த கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் 1963இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிருமி நீக்கும் அளவுக்குக் காமா கதிர் பாய்ச்சிய தீனியில் வளர்ந்த ஈக்களில் திடீர் மாற்றங்கள் கூடுதலாகத் தெரிந்தன என்பது அதன் சாரம். கதிர் பாய்ச்சிய உணவு பாதுகாப்பானதா என்ற உலகளாவிய வாதத்தில் அந்தக் கட்டுரை பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. கோதுமை ஆராய்ச்சிக்காரர்கள் ஈ வளர்த்ததில் ஆச்சரியமில்லை. பத்து நாளில் ஒரு தலைமுறை தரும் உயிர் எந்த மரபியலாளருக்கும் கைக்கடக்கமான கருவி. இருபது ஆண்டு கழித்து, 1983 டிசம்பரில், 15ஆவது உலக மரபியல் மாநாடு தில்லியில் கூடியபோது அதற்குத் தலைவர் சுவாமிநாதன்தான்.

பூசாவில் வளர்ந்தவை ஆய்வுக்கூட ஈக்கள். தோட்டத்திலும் சந்தையிலும் திரியும் காட்டு ஈக்களைக் கணக்கெடுத்தது வேறொரு கூட்டம். சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். பர்ஷாதும் ஒய்.ஜே. பைக்காவும் 1964இல் பல புதிய இனங்களை விவரித்தார்கள். பஞ்சாபின் மலேர்கோட்லா என்ற பழைய நவாப் ஊரின் பெயரைச் சுமக்கும் ட்ரோசோஃபிலா மலேர்கோட்லியானா அவற்றில் ஒன்று. 1970இல் காசியைச் சேர்ந்த ஜே.பி. குப்தா ஜாப்ரியோனஸ் இண்டியானஸ் என்ற இனத்துக்குப் பெயர் வைத்தார். தலையிலிருந்து முதுகு வரை வெள்ளிக் கோடுகள் ஓடும் இந்த ஈ பிறப்பால் ஆப்பிரிக்க வம்சம். இந்தியாவில் விவரிக்கப்பட்டதால் இந்தியப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரிடுவதை முடித்துக்கொண்டு அளக்கத் தொடங்கும் காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அளப்பதற்கு ஒரு பழைய விதி காத்திருந்தது. 1847இல் ஜெர்மானியரான கார்ல் பெர்க்மன், குளிர் நாட்டு விலங்குகள் வெப்ப நாட்டு உறவினர்களைவிடப் பெரிதாக இருக்கின்றன என்று எழுதினார். அவர் சொன்னது வெப்ப இரத்தப் பிராணிகளுக்கு. உடல் பெரிதானால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறையும், சூடு சீக்கிரம் வெளியேறாது என்பது விளக்கம். ஈயின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உடம்பும். ஆகவே விதி ஈக்குப் பொருந்தக் கூடாது. ஆனால் பொருந்தியது. 1950களில் பார்சிலோனாவைச் சேர்ந்த அன்டோனியோ ப்ரெவோஸ்டி, ஐரோப்பிய இனமான ட்ரோசோஃபிலா சப்ஆப்ஸ்குராவின் இறகு வடக்கே போகப் போக நீள்வதைக் காட்டினார். பிறகு ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று போன இடமெல்லாம், மனிதனோடு ஒட்டி வாழும் மெலனோகாஸ்டர் இனத்திலும் அதே வரிசை தெரிந்தது. பெர்க்மன் சொன்ன காரணம் ஈக்குச் செல்லாது, பெர்க்மன் கண்ட ஒழுங்கு மட்டும் செல்கிறது. இந்த இடைவெளியை நிரப்பும் விளக்கம் இன்னும் முழுதாக முடியவில்லை.

இங்கே ஒரு வலை இருக்கிறது. இதில் விழுந்தவர்கள் ஏராளம். காட்டில் பிடித்த ஈயை அப்படியே அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஒரே தாயின் முட்டைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை 17 டிகிரியிலும் மறுபாதியை 28 டிகிரியிலும் வளர்த்தால், குளிரில் வளர்ந்தவை கண்ணால் பார்த்தே சொல்லும்படி பெரிதாக இருக்கும். ஒரு பழத்தில் இருபது புழு தின்றால் ஈ கொழுகொழுவென்று வரும். இருநூறு புழு போட்டியிட்டால் பாதி உடம்போடு வரும். ஜனவரியில் தில்லியில் பிடித்த ஈ பெரிதாக இருந்தால் அதற்குக் காரணம் பெற்றோரா, மார்கழிக் குளிரா? சந்தையில் பிடித்த ஈக்களிடையே காணப்படும் அளவு வேறுபாட்டில் மரபின் பங்கு, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஈக்களிடையே இருப்பதைவிட மிகக் குறைவு என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மரபு குறைந்துவிட்டதால் அல்ல, பசியும் நெரிசலும் பருவமும் அதன் மேல் ஏறி மூடிவிடுவதால்.

வலையிலிருந்து வெளியேறும் வழியைப் பிரான்சில் ஜான் டேவிட் என்ற ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் பழக்கத்தில் வைத்திருந்தார். அதை ஒருதாய் வழி என்று சொல்லலாம். காட்டில் பிடித்த ஒவ்வொரு பெண் ஈயையும் தனித்தனிக் குழாயில் விட வேண்டும். அது ஏற்கெனவே கருத்தரித்துத்தான் இருக்கும், முட்டையிடும். ஒரு குழாயில் வளர்பவை எல்லாம் ஒருதாய் மக்கள். ஓர் ஊரிலிருந்து பத்து இருபது தாய்கள், ஊருக்கு ஊர் அதே எண்ணிக்கை, எல்லாக் குழாய்களுக்கும் ஒரே தீனி, ஒரே சூடு, ஒரே அளவு முட்டை. இப்போது ஒரு குழாய்க்கும் இன்னொரு குழாய்க்கும் உள்ள வித்தியாசம் ஊருக்குள் உள்ள மரபு வேறுபாடு. ஓர் ஊர்ச் சராசரிக்கும் அடுத்த ஊர்ச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் ஊர்களிடையே உள்ள மரபு வேறுபாடு. உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லாத, பொறுமை மட்டும் தேவைப்படும் முறை இது. பணமில்லாத பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற முறையும் இதுதான்.

ரோத்தக் பல்கலைக்கழகம் 1976இல் தொடங்கப்பட்டது. அங்கே ரவி பர்காஷ் என்ற ஆராய்ச்சியாளர் முதலில் செய்தது நொதிகளை அளக்கும் வேலை. ஈயை அரைத்து, சாற்றை மாவுக் கூழின் மேல் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒரே நொதியின் வெவ்வேறு மரபு வடிவங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடும். புளித்த பழத்தின் சாராயத்தை முறிக்கும் நொதிக்கு மெலனோகாஸ்டரில் வேகமான வடிவம், மெதுவான வடிவம் என்று இரண்டு உண்டு. இந்தியாவில் வடக்கே போகப் போக வேகமான வடிவத்தின் பங்கு கூடுகிறது. மற்றக் கண்டங்களிலும் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இதே போக்குத்தான். நொதியில் வரிசை இருக்கிறது என்றால் உடம்பில் இருக்காதா என்ற கேள்வி இயல்பாகவே அடுத்து வந்தது. ஜான் டேவிட் குழுவும் ரோத்தக்கும் கைகோத்தது அப்போதுதான்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு பழக்கடைச் சந்தின் நிழலில், வாய் திறந்த புட்டிக்குள் ஈஸ்ட் தூவிய வாழைப்பழக் கூழ் வைக்கப்படும். விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும் ஈ வரும். உச்சி வெயிலில் ஒன்றுகூட வராது. துணிவலையை ஒரு வீச்சு வீசி உள்ளே சேர்ந்ததை உறிஞ்சு குழாயால் புட்டிக்கு மாற்றி, பஞ்சால் அடைத்து, ரயிலில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். தீனிக்கு அமெரிக்காவில் மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும். இந்திய ஆய்வுக்கூடங்களில் வெல்லம் அந்த இடத்தைப் பிடித்தது, மைசூரில் ரவையும் வெல்லமும் சேர்ந்தது. பானையில் அகருடன் சேர்த்துக் கிளறும்போது ஆய்வுக்கூடம் முழுக்கக் கேசரி வாசம் அடிக்கும். கடைசியில் பூசணம் பிடிக்காமல் இருக்க அமிலம் விட்டதும் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

அளக்கும் நாளில் ஈதர் ஆவி காட்டி ஈயை மயங்கச் செய்து, பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். நுண்ணோக்கியின் கண்ணாடிக்குள் ஒரு சின்ன அளவுகோல் பொறித்திருக்கும். கழுத்தை ஒட்டிய விளிம்பிலிருந்து முதுகின் பின்முனை வரை மார்பின் நீளம். மார்போடு சேரும் மூட்டிலிருந்து நுனி வரை இறகின் நீளம். அளவுகோலின் கோடுகளை எண்ணி, நோட்டில் எழுதி, அடுத்த ஈ. ஒரு தாயின் மக்களில் பத்துப் பெண், பத்து ஆண். ஓர் ஊருக்கு இருபது தாய் என்றால் நானூறு ஈ. பத்து ஊர் என்றால் நாலாயிரம். இது ஓர் இனத்துக்கு மட்டும். இறகு சற்று மடங்கியிருந்தாலும் அந்த ஈ கணக்கில் சேராது.

இந்த உழைப்பின் பலன் 1990களின் பிற்பகுதியில் அடுத்தடுத்து வெளிவந்தது. 1997இல் மெலனோகாஸ்டரின் முதுகில் உள்ள திரிசூல வடிவக் கறுப்பு அடையாளம், வடக்கே போகவும் மலை ஏறவும் அடர்த்தியாவதை அஷோக் முஞ்சாலும் சகாக்களும் எழுதினார்கள். 1998இல் தேவ் கரணும் சகாக்களும் கிக்காவாய் என்ற வெப்பமண்டல இனத்தின் உடல் அளவுகளையும், 2000இல் ஜாப்ரியோனஸ் இண்டியானஸின் அளவுகளையும் வெளியிட்டார்கள். இரண்டிலும் வரிசை ஒன்றே: அட்சரேகை ஏற ஏற உடம்பும் இறகும் பெரிதாகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, இவை ஒன்றுக்கொன்று தூரத்து உறவுள்ள இனங்கள். ஒரே நிலப்பரப்பு வெவ்வேறு இனங்களைத் தனித்தனியாக ஒரே திசையில் தள்ளியிருக்கிறது. தற்செயல் என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடம் குறைவு.

எது தள்ளுகிறது என்பதில்தான் தில்லி ஒரு புதிராக நிற்கிறது. ஐரோப்பாவில் வடக்கு என்றால் குளிர், சந்தேகமில்லை. இந்தியாவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 28.6 டிகிரி அட்சரேகையில் உள்ள தில்லி மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், 8.5 டிகிரியில் உள்ள திருவனந்தபுரத்துக்கு அந்த வெயில் தெரியவே தெரியாது. கோடையை மட்டும் பார்த்தால் தில்லி ஈதான் சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் ஜனவரியில் தில்லியின் இரவு ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மாதச் சராசரியை எடுத்தால் தில்லியில் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே ஏறத்தாழ 20 டிகிரி வித்தியாசம். திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுக்க இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் அசையாது. ரோத்தக் குழு தம் அளவுகளை ஆண்டுச் சராசரி வெப்பத்தோடு மட்டும் பொருத்தாமல், ஆண்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஊசலாடுகிறது என்ற கணக்கோடும் பொருத்திப் பார்த்தது. ஊசலாட்டத்தோடு பொருத்தம் வலுவாக இருந்தது. இந்திய ஈக்களின் வரிசையைக் குளிரின் வரிசை என்பதைவிடப் பருவமாற்றத்தின் வரிசை என்று படிப்பதே சரி. உலகப் பாடநூல்கள் அட்சரேகையையும் குளிரையும் ஒன்றாகவே எழுதிவந்த காலத்தில், இரண்டையும் பிரித்துப் பார்க்க வைத்த நிலம் இது.

ஆண்டின் வட்டத்தில் தில்லி ஈயின் வாழ்க்கை மேடும் பள்ளமும்தான். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் எண்ணிக்கை சரியும். மழைக்குப் பின்னும் வசந்தத்திலும் பெருகும். ஒவ்வொரு சரிவிலும் பிழைத்தவையே அடுத்த பெருக்கத்துக்குப் பெற்றோர். அந்தச் சல்லடையில் எது மிஞ்சும் என்பதற்கு 1998இல் எவல்யூஷன் இதழில் கரண், டேவிட், பர்காஷ் முதலானோர் எழுதிய கட்டுரை ஒரு பதில் தருகிறது. மெலனோகாஸ்டர், அன்னாசியின் பெயரைச் சுமக்கும் அனனாஸே, ஜாப்ரியோனஸ் என்ற மூன்று இனங்களை எடுத்தார்கள். ஈக்களை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். முதல் சோதனையில் ஈரம் உறிஞ்சும் உப்பு வைத்த உலர்ந்த குழாயில் விட்டு, சாகும் வரை மணி எண்ணினார்கள். இரண்டாவதில் தண்ணீர் உண்டு, தீனி இல்லை. வறட்சியைத் தாக்குப்பிடிப்பதில் வட ஈ கெட்டி. பட்டினியைத் தாக்குப்பிடிப்பதில் தென் ஈ கெட்டி. மூன்று இனங்களிலும் அதே எதிரெதிர் வரிசை.

பெரிய உடம்புக்காரன் பட்டினியை அதிகம் தாங்குவான் என்பது பொதுப்புத்தி. இந்த ஈக்கள் அதைப் பொய்யாக்கின. வடக்கின் பெரிய ஈ பட்டினியில் முதலில் விழுகிறது. உடல் அளவும் கொழுப்புச் சேமிப்பும் தனித்தனி மரபணுக்களின் கையில் இருக்கின்றன, அவற்றைத் தனித்தனி நெருக்கடிகள் இழுக்கின்றன என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். கட்டுரையாசிரியர்களின் கருத்து: ஆண்டு முழுக்கச் சூடான தெற்கில் உடம்பு எரிக்கும் வேகம் எப்போதும் கூடுதல், போட்டியும் ஓயாது, ஆகவே சேமிப்பு உயிர்காக்கும், வடக்கில் உலர்ந்த காற்றும் குளிரும்தான் கொல்லும். ஆஸ்திரேலியாவில் பின்னர் நடந்த ஆய்வுகளில் பட்டினி வரிசை இப்படித் தெளிவாகக் கிடைக்கவில்லை. இந்தியாவின் ஒழுங்கு எல்லா நாட்டுக்கும் பொது அல்ல.

மரபணுப் பக்கம் ஒரு பெரிய துப்பு காசியிலிருந்து வந்தது. குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து, தலைகீழாகத் திரும்பி, மறுபடி ஒட்டிக்கொள்வது உண்டு. அப்படித் திரும்பிய துண்டில் உள்ள மரபணுக்கள், திரும்பாத துண்டோடு கலப்பது மிகக் குறைந்துவிடும். ஒரு மூட்டையாகவே தலைமுறை தலைமுறையாகப் போகும். புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துச் சாயமேற்றி நசுக்கினால், அதன் பருத்த குரோமோசோமில் இந்தத் திருப்பம் ஒரு வளையமாகத் தெரியும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஏ. தாஸும் பி.என். சிங்கும் இந்தியா முழுக்க மெலனோகாஸ்டரில் இந்த வளையங்களை எண்ணி, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். பரவலாகக் காணப்படும் தலைகீழ்த் துண்டுகள் தெற்கில் அதிகம், வடக்கே போகப் போகக் குறைவு. உடம்பு ஏறுகிற திசையில் இவை இறங்குகின்றன.

இரண்டு வரிசைகளும் எதிரெதிர் ஓடுவது ஒன்றுக்கொன்று காரணம் என்பதற்குச் சான்று ஆகாது. அந்தச் சான்று வேறு கண்டங்களில் கிடைத்தது. மூன்றாவது குரோமோசோமின் வலக் கையில் பேன் என்ற ஆய்வாளர் பெயரால் அழைக்கப்படும் தலைகீழ்த் துண்டு ஒன்று உண்டு. அதைச் சுமக்கும் ஈக்கள் சின்னதாக இருக்கின்றன என்று ஆஸ்திரேலியக் குழு 2000களிலும், வட அமெரிக்க ஈக்களை ஆய்ந்த குழு 2016இலும் காட்டின. உடல் அளவைச் சுருக்கும் மரபணு வடிவங்கள் அந்த மூட்டைக்குள் சேர்ந்து கிடக்கின்றன. இந்திய வரிசையிலும் அதே மூட்டைக்குப் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. அதற்காக அளவு முழுவதும் ஒரு துண்டின் கையில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடின்பரோவில் 1950களிலிருந்து நடந்த தேர்வுச் சோதனைகளின்படி, ஈயின் அளவை மாற்றும் இடங்கள் எல்லாப் பெரிய குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கின்றன. லிண்டா பார்ட்ரிட்ஜ் குழு, ஆண்டுக்கணக்கில் 16.5 டிகிரியில் வளர்த்த ஈக்கூட்டம் 25 டிகிரிக் கூட்டத்தைவிட மரபு வழியாகவே பெரிதாகிவிட்டதை 1994இல் காட்டியது. வெப்பம் மட்டும் வேறானாலே போதும், தலைமுறைகள் அளவை மாற்றிவிடும்.

எவ்வளவு வேகமாக மாற்றும் என்பதற்கு ஐரோப்பிய ஈயின் பயணமே பதில். ப்ரெவோஸ்டி அளந்த சப்ஆப்ஸ்குரா 1978இல் சிலியிலும் 1982இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் தற்செயலாக வந்திறங்கியது. தொடக்கத்தில் புதிய நாட்டில் வடக்கு தெற்கு பேதம் தெரியவில்லை. இரண்டு பத்தாண்டு கழித்து ரேமண்ட் ஹியூவும் சகாக்களும் மறுபடி அளந்தபோது, ஐரோப்பாவில் உள்ளதற்கு ஏறக்குறைய இணையான ஏறுவரிசை வட அமெரிக்காவில் உருவாகியிருந்தது. 2000இல் சயன்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் சுவையான பகுதி வேறு: ஐரோப்பிய ஈயில் இறகின் ஒரு பகுதி நீண்டது, அமெரிக்க ஈயில் வேறு பகுதி நீண்டது.

இந்தியாவுக்குள் அளவைப் பற்றிய கேள்வி வேறு திசைகளிலும் போனது. மலேர்கோட்லாவின் பெயரைச் சுமந்த ஈயை மைசூரில் எஸ்.என். ஹெக்டேயும் எம்.எஸ். கிருஷ்ணாவும் ஆராய்ந்து, பெரிய ஆண் பெரிய பெண்ணோடும் சின்ன ஆண் சின்னப் பெண்ணோடும் சேரும் போக்கை 1997இல் எழுதினார்கள். காசியில் அனனாஸேயில் உடல் அளவும் இணை சேரும் வெற்றியும் தொடர்புபடுத்திப் பார்க்கப்பட்டன. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு, சீக்கிரம் வளர்ந்து வெளிவரும் ஈக்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது. வளர்ச்சிக் காலம் சுருங்கியது. கூடவே உடம்பும் சுருங்கியது. அவசரத்துக்கு ஈ கொடுக்கும் விலை அளவு. வெப்ப நாட்டு ஈ ஏன் சின்னது என்பதற்கு ஒரு குறிப்பு இதில் இருக்கலாம்: சூடான இடத்தில் பழம் சீக்கிரம் காய்ந்துபோகும், நிதானமாக வளர நேரமில்லை.

ரோத்தக்கின் பிற்கால வேலைகள் உடல் அளவிலிருந்து தோலின் நிறத்துக்கும் நீரிழப்புக்கும், சமவெளியிலிருந்து மேற்கு இமயமலைச் சரிவுகளுக்கும் நகர்ந்தன. 2008இல் சுபாஷ் ராஜ்புரோகித்தும் பர்காஷும் சகாக்களும், குளிர் தாங்காத அனனாஸே தன் வடக்கு எல்லையைத் தாண்டி மலையடிவாரத்துக்குள் ஏறிவிட்டதாக எழுதி, அதை வெப்பமடையும் பருவத்தோடு இணைத்தார்கள்.

ஜாப்ரியோனஸ் இண்டியானஸ் அதைவிட வெகுதூரம் போயிருந்தது. 1999இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் அது முதன்முதலாகப் பதிவானது. அத்திப்பழத்தை அது அங்கே பாழாக்கியதால் அத்தி ஈ என்றே பெயர் வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் வட அமெரிக்காவையும் எட்டியது. ஜான் டேவிட் குழு தென் அமெரிக்க ஈக்களையும் அதே ஒருதாய் முறையில் வளர்த்து அளந்து, இந்திய, ஆப்பிரிக்க அளவுகளோடு ஒப்பிட்டது. இந்தியாவில் தெற்கிலிருந்து வடக்கே தெளிவாக ஏறும் வரிசை, ஆப்பிரிக்காவில் சற்று மங்கலாகத் தெரிந்த வரிசை, தென் அமெரிக்காவில் எங்குமே தென்படவில்லை. ஆனால் அங்கே உள்ள ஈக்கள் இந்திய ஈக்களைவிடப் பெரிதாக இருந்தன.